நிலைத்த பக்கங்கள்

எழுத்துக் கோப்புகளைப் பி.டி.எப். வடிவில் மாற்றும் முறையும், அதில் தமிழ் எழுத்துக்களுக்கு நேரும் இடர்ப்பாடும்

கம்ப்யூட்டரில் விண்ணப்பம் தயாரித்து வேறோர் ஊருக்கு அனுப்பியவர்களில் பலருக்கு ஓர் அனுபவம் நேர்ந்திருக்கும். வீட்டிலுள்ள கம்ப்யூட்டரில் இரண்டு பக்கங்களில் செவ்வனே அடங்கியிருந்த கடிதம், பெற்றுக்கொண்டவரின் கம்ப்யூட்டரில் மூன்று பக்கங்களாக நீண்டுவிடுகிறது. கையொப்பத்திற்கென விட்ட இடம் மூன்றாம் பக்கத்தில் தனித்து நிற்கிறது. அட்டவணையின் கோடுகள் ஒரு புறமும் எண்கள் மற்றொரு புறமுமாகச் சிதறுகின்றன. தமிழ் எழுத்துக்கள் இருந்த இடத்தில் வெறுங் கட்டங்கள் தென்படுவதும் உண்டு. அனுப்பியவர் பிழை ஏதும் செய்யவில்லை. பெற்றவரும் எதையும் மாற்றவில்லை. எனினும் கடிதம் உருமாறிவிட்டது.

இவ்விடர்ப்பாட்டைப் போக்கும் பொருட்டே, எழுத்துக் கோப்புகளைப் பி.டி.எப். என்னும் நிலைத்த வடிவிற்கு மாற்றி அனுப்பும் வழக்கம் ஏற்பட்டது. இம்மாற்றத்தை இலவசமாகச் செய்து தரும் இன்டர்நெட் தளங்கள் இன்று பல உள்ளன. கோப்பை ஏற்றினால், சில விநாடிகளில் மாற்றிய கோப்பு திரும்பக் கிடைக்கிறது. வேலை இவ்வளவு எளிதாகிவிட்டதனாலேயே, அவ்விநாடிகளில் நிகழ்வது யாது என்று வினவுவோர் குறைவு. பக்கத்தின் உருவம் காக்கப்படுவது போல, அதில் எழுதப்பட்டுள்ள சொற்களும் சொற்களாகவே காக்கப்படுகின்றனவா என்பதே கவனித்தற்குரியது. இந்திய மொழிகளைப் பொறுத்தவரை இது மிக முக்கியமான கேள்வியாகும்.

குறிப்பும் பக்கமும்

பழைய அச்சுக்கூடத்தை எண்ணிப் பார்த்தால் விஷயம் எளிதில் விளங்கும். ஆசிரியரின் கைப்பிரதி அச்சுக் கோப்பவரிடம் தரப்படும். ‘இது தலைப்பு, பெரிய எழுத்தில் வேண்டும், இது புதிய பத்தி, இவ்விடத்தில் அட்டவணை’ என்னும் குறிப்புகள் ஓரத்தில் எழுதப்பட்டிருக்கும். ஒரு வரி எங்கு முடியும், ஒரு பக்கம் எங்கு முடியும் என்பது கைப்பிரதியில் இராது. அவ்வச்சுக்கூடத்தில் உள்ள எழுத்துக்களின் அகலத்தைப் பொறுத்தே அது தீர்மானமாகும். ஒரே கைப்பிரதியை இரண்டு அச்சுக்கூடங்களில் தந்தால், இரண்டு வகையான பக்கங்களே கிடைக்கும்.

மைக்ரோசாப்ட் வேர்டு, லிப்ரே ஆபீஸ் ரைட்டர் ஆகியவற்றில் தயாராகும் கோப்பு இத்தகைய கைப்பிரதியே ஆகும். 2007 ஆம் ஆண்டு ஆபீஸ் தொகுதியுடன் வழக்கிற்கு வந்த டாக்ஸ் கோப்பு, உண்மையில் பல சிறு கோப்புகளை ஒன்றாகக் கட்டிய ஒரு மூட்டை. அதன் பெயரின் இறுதியில் உள்ள டாக்ஸ் என்பதை ஜிப் என மாற்றி அவிழ்த்தால், உரை ஒரு கோப்பிலும், எழுத்தின் அளவு முதலிய குறிப்புகள் மற்றொன்றிலும், படங்கள் வேறோர் உறையிலும் இருப்பதைக் காணலாம். எழுத்துருவின் பெயர் மாத்திரமே அதில் குறிக்கப்பட்டிருக்கும். எழுத்துரு பெரும்பாலும் அதனுள் இராது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கம்ப்யூட்டர் தன்னிடமுள்ள எழுத்துருக்களைக் கொண்டு பக்கங்களைப் புதிதாகக் கோக்கிறது. குறித்த எழுத்துரு அங்கு இல்லையெனில், வேறொன்று அவ்விடத்தைப் பெறுகிறது. அதன் எழுத்துக்கள் சற்று அகலமாக இருந்தாலும் போதும். வரிகள் நீண்டு, பக்கங்கள் பெருகிவிடும்.

பி.டி.எப். கோப்போ கோத்து முடித்து இறுக்கிக் கட்டிய அச்சுப் பக்கத்தை ஒத்தது. அதில் ‘அடுத்த வரி’ என்னும் குறிப்பு கிடையாது. பக்கத்தின் இடது கீழ் மூலையிலிருந்து வலப்புறமாக இத்தனை, மேல்நோக்கி இத்தனை என்று அளந்து, அவ்விடத்தில் இன்ன வடிவத்தை வரைக என்னும் கட்டளைகளே உள்ளன. அளவின் அலகு ஓர் அங்குலத்தில் 72-ல் ஒரு பங்கு. 210 மில்லிமீட்டர் அகலமும் 297 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட ஏ4 தாள், இக்கணக்கில் 595 அலகு அகலமும் 842 அலகு உயரமும் உடையது. தேவையான எழுத்துருவையும் கோப்பினுள்ளேயே பதித்துவிடலாம். கோப்பு பருத்துப் போகாதபடி, அந்த ஆவணத்தில் வரும் எழுத்து வடிவங்களை மட்டும் பொறுக்கிப் பதிப்பதே வழக்கம். இதன் பயனாக, எந்த ஊரில் எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் பக்கம் ஒன்றுபோலவே தோன்றுகிறது.

காமலாட் திட்டம்

இவ்வடிவம் தோன்றிய வரலாறு அச்சுத் தொழிலோடு பிணைந்தது. ஜான் வார்னாக், சார்லஸ் கெஷ்கி என்னும் இரு அமெரிக்க விஞ்ஞானிகள் 1982 ஆம் ஆண்டில் அடோபி நிறுவனத்தைத் தொடங்கினர். பக்கத்தை வருணிப்பதற்கென அவர்கள் உருவாக்கிய போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி 1984-ல் வெளிவந்தது. மறு ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தின் லேஸர் அச்சுப் பொறியில் அது இடம் பெற்று, மேசை மீதே நூல் தயாரிக்கும் தொழிலுக்கு வழி வகுத்தது.

தாளில் அச்சிடும்போது கிடைக்கும் இவ்வொழுங்கு, தாளின்றிக் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் அனுப்பும்போதும் கிடைக்க வேண்டும் என்று வார்னாக் கருதினார். 1991-ல் ‘காமலாட்’ என்னும் பெயரால் அவர் ஒரு குறிப்பு வரைந்தார். அதன் விளைவாக 1993-ல் பி.டி.எப். வடிவின் முதற் பதிப்பு வெளியாயிற்று. தொடக்கத்தில் இதனைப் படிப்பதற்கான மென்பொருளும் விலைக்கே விற்கப்பட்டது. பின்னர் அது இலவசமாக்கப்பட்டதும் பி.டி.எப். உலகெங்கும் பரவியது. 2008-ல் சர்வதேசத் தர நிர்ணய ஸ்தாபனம் இதனை ஐ.எஸ்.ஓ. 32000 என்னும் தரமாக ஏற்றுக்கொண்டது. அன்று முதல் இது ஒரு தனி நிறுவனத்தின் உடைமையாக மட்டும் இல்லாமல், யாவரும் பின்பற்றத்தக்க பொது விதியாகிவிட்டது.

நம் நாட்டிலும் இதற்குரிய இடம் பெரிது. மத்திய சர்க்காரின் கெஜட், 2015 அக்டோபர் 1 முதல் தாளில் அச்சிடப்படுவது நின்று, மின் வடிவிலேயே வெளியிடப்படலாயிற்று. 2000 ஆம் ஆண்டின் தகவல் தொழில் நுட்பச் சட்டத்தின் 7 ஆம் பிரிவு, மின் ஆவணங்களைப் பாதுகாப்பதற்கான நிபந்தனைகளைக் கூறுகிறது. பிற்காலத்தில் எடுத்துப் பார்க்கத்தக்க நிலையில் தகவல் இருத்தல் வேண்டும் என்பதும், மூலத்தைப் பிழையின்றிக் காட்டும் வடிவில் இருத்தல் வேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கும்.

மாற்றம் நிகழும் விதம்

கோப்பை மாற்றும் மென்பொருள் முதலில் மூட்டையை அவிழ்த்து, உரையையும் குறிப்புகளையும் படிக்கிறது. பின்னர், குறித்த எழுத்துரு தன்னிடம் உண்டா என்று பார்க்கிறது. மூன்றாவதாக, எந்தக் குறி எண்ணிற்கு எந்த வடிவம் என்று தேர்ந்து, வரிகளை முறித்து, பக்கங்களைக் கோக்கிறது. இறுதியாக, ஒவ்வொரு வடிவத்தின் இடத்தையும் கட்டளையாக எழுதி, எழுத்துருவைப் பதித்து, கோப்பின் கடைசியில் உள்ளடக்கப் பட்டியல் ஒன்றைச் சேர்க்கிறது. பி.டி.எப். கோப்பைத் திறக்கும் மென்பொருள் இப்பட்டியலைத் தேடி முதலில் கோப்பின் இறுதிப் பகுதிக்கே செல்கிறது.

இவற்றுள் இரண்டாம் கட்டமே இன்டர்நெட் வழி மாற்றத்தில் இடறும் இடம். கோப்பைத் தயாரித்தவரின் விண்டோஸ் கம்ப்யூட்டரில் உள்ள லதா, நிர்மலா ஆகிய எழுத்துருக்கள், எங்கோ உள்ள மாற்று நிலையத்தின் சர்வரில் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆங்கிலத்தைப் பொறுத்தவரை இதற்கு ஓரளவு பரிகாரம் உண்டு. ரெட் ஹாட் நிறுவனம் 2007-ல் வெளியிட்ட லிபரேஷன் எழுத்துருக்கள், டைம்ஸ் நியூ ரோமன், ஏரியல் ஆகியவற்றின் அகலத்திற்கு ஒத்த அகலம் உடையவை. ஆகவே எழுத்துரு மாறினும் வரி மாறாது. தமிழுக்கு இத்தகைய இணை எழுத்துரு பெரும்பாலும் அமைவதில்லை. சொந்தக் கம்ப்யூட்டரில் உள்ள மென்பொருளிலேயே மாற்றினால் இச்சிக்கல் எழாது. எழுதிய இடத்திலேயே பக்கம் கோக்கப்படுவதே அதற்குக் காரணம்.

கொம்பும் காலும்

உருவம் சரியாக அமைந்தபின் உள்ளே உறையும் இடர்ப்பாடு ஒன்று உண்டு. அது கண்ணுக்குப் புலப்படாதது.

யூனிகோடு முறையில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. 247 எழுத்துக்களும் தனித்தனியே அவ்விடங்களில் இல்லை. உயிர், மெய்க்கு அடிப்படையான அகரமேறிய எழுத்து, உயிர்க்குறி, புள்ளி ஆகியவையே உள்ளன. அவற்றைச் சேர்த்தே மற்றவை ஆக்கப்படுகின்றன. எழுத்துக்கள் ஒலிக்கும் வரிசையிலேயே சேமிக்கப்படுகின்றன. ‘பொருள்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். கம்ப்யூட்டரின் நினைவில் அது பகரம், ஒகரக்குறி, ரகரம், உகரக்குறி, ளகரம், புள்ளி என ஆறு குறி எண்களாக இருக்கும். திரையிலோ தாளிலோ வரையும்போது, பெரும்பாலான எழுத்துருக்களில் கொம்பு, பகரம், கால், ‘ரு’, ‘ள்’ என ஐந்து வடிவங்கள் இட்டாக வேண்டும். ஒகரக்குறி ஒன்றே இரண்டாகப் பிரிந்து, பகரத்தின் இருபுறமும் அமர்கிறது.

பி.டி.எப். கோப்பில் எழுதப்படுவது இவ்வரைவு வரிசையே. ஈய எழுத்துக்களால் அச்சுக் கோத்தவர் முதலில் கொம்பையும், பின்னர் பகரத்தையும், அதன்பின் காலையும் எடுத்து வைத்தது போன்றதே இது. தாளில் படிக்கும் மனிதனுக்கு இதனால் இடையூறு இல்லை. அவன் கண் மூன்றையும் சேர்த்து ‘பொ’ என்றே படிக்கும். கம்ப்யூட்டர் அவ்வாறு செய்வதில்லை. பி.டி.எப். கோப்பினுள் ஒவ்வொரு வடிவத்திற்கும் உரிய யூனிகோடு எண்ணைக் காட்டும் பட்டியல் ஒன்றைச் சேர்க்கலாம். ‘ரு’ என்னும் வடிவம் இரண்டு குறிகளுக்குச் சமம் என்று அப்பட்டியலில் சொல்ல முடியும். ஆனால் முன்னே நிற்கும் கொம்பைப் பின்னே கொண்டு செல்க என்று சொல்ல அதில் வகை இல்லை. ஆகையால், அச்சொல்லைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டினால், கொம்பு தனியே முன்னின்று சொல் சிதைகிறது. ‘பொருள்’ என்று தேடினால், பக்கத்தில் பத்து இடங்களில் அச்சொல் கண்ணெதிரே இருப்பினும், ‘இல்லை’ என்ற விடையே கிடைக்கக்கூடும்.

இது தமிழுக்கு மட்டும் நேரும் குறையன்று. தேவநாகரியில் குறில் இகரக் குறியும், வங்காளியிலும் மலையாளத்திலும் எகரக் குறியும் மெய்க்கு முன்னரே எழுதப்படுகின்றன. ஆங்கிலத்தில் ஒலிக்கும் வரிசையும் எழுதும் வரிசையும் ஒன்றே ஆதலால், அம்மொழியை முன்வைத்து அமைத்த முறைகளில் இக்குறை நெடுநாள் கவனிக்கப்படாது இருந்தது.

யூனிகோடு வழங்குவதற்கு முன் புழங்கிய எழுத்துருக்களில் நிலைமை இதனினும் மோசம். அவற்றில் ஆங்கில எழுத்துக்களுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்கள் வைக்கப்பட்டிருந்தன. அத்தகைய கோப்பிலிருந்து ஆக்கிய பி.டி.எப். பார்வைக்குத் தமிழாகவே இருக்கும். படியெடுத்தாலோ பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே வெளிவரும். 2010 ஆம் ஆண்டில் தமிழ்நாடு சர்க்கார் யூனிகோடு முறையை ஏற்றது. எனினும் அதற்கு முன் தயாரான ஆவணங்கள் பழைய நிலையிலேயே கிடக்கின்றன.

இதற்குப் பரிகாரமும் உண்டு. 2001-ல் வந்த பி.டி.எப். 1.4 பதிப்பிலிருந்து, ஒரு தொகுதி வடிவங்களுக்கு ‘இதன் மெய்யான உரை இது’ என்று குறிப்புச் சேர்க்கும் வசதி இருந்து வருகிறது. கொம்பு, பகரம், கால் ஆகிய மூன்றிற்கும் சேர்த்து ‘பொ’ என்று குறித்துவிட்டால், தேடுவோருக்கும் படியெடுப்போருக்கும் சரியான சொல் கிடைக்கும். தலைப்பு எது, பத்தி எது, அட்டவணை எது எனக் காட்டும் அடையாளங்களையும் இவ்வாறே சேர்க்கலாம். மாற்று மென்பொருள்களில் சில இதனைச் செய்கின்றன; பல செய்வதில்லை. பக்கம் முழுவதையும் ஒரு படமாக்கித் தரும் நிலையங்களும் உள்ளன. அத்தகைய கோப்பில் சொல் என்பதே இல்லை. நிழற்படம் மாத்திரமே உண்டு.

இதனால் பெரிதும் நஷ்டம் அடைவோர் கண்பார்வை அற்றவர்கள். அவர்களுக்காக ஆவணத்தை உரக்கப் படிக்கும் மென்பொருள் பக்கத்தின் தோற்றத்தைப் பார்ப்பதில்லை. உள்ளிருக்கும் குறி எண்களையே படிக்கிறது. அவை குழம்பியிருந்தால் அதன் வாசிப்பும் குழம்பும். பக்கம் படமாக இருந்தால், எழுத்தறியும் மென்பொருளின் துணையின்றி அது வாய் திறவாது. தேர்வு அறிவிப்பையோ ஓய்வூதிய ஆணையையோ பிறர் உதவியின்றித் தாமே படித்தறியும் உரிமை ஒரு கோப்பின் உள்ளமைப்பைப் பொறுத்து நிற்கிறது. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்கீழ் 2017-ல் வகுக்கப்பட்ட விதிகள், வலைத்தளங்களில் வெளியிடும் ஆவணங்கள் இ-பப் வடிவிலோ, எழுத்துக்களை அறியத்தக்க பி.டி.எப். வடிவிலோ அமைய வேண்டுமெனக் கூறின. அணுகு வசதி குறித்த அந்த 15 ஆம் விதி கட்டாயத் தன்மை பெறவில்லை என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் கண்டு, அதனைச் செல்லாதென அறிவித்து, கட்டாயமான விதிகளை வகுக்குமாறு மத்திய சர்க்காருக்குப் பணித்தது.

கோப்பு செல்லும் வழி

இன்டர்நெட் வழியே மாற்றுவதில் வேறொரு விஷயமும் சிந்தித்தற்குரியது. கோப்பை ஏற்றுவது என்பது, அதன் முழுப் பிரதியைப் பிறர் கம்ப்யூட்டருக்கு அனுப்புவதேயாகும். செல்லும் வழியில் எவரும் படியாதவாறு சங்கேத முறையில் அது பூட்டப்படலாம். ஆயினும் சென்று சேர்ந்த இடத்தில் பூட்டு திறக்கப்பட்டால்தான் மாற்றம் நிகழும். சில மணி நேரத்தில் அழித்துவிடுவோம் என்று பல நிலையங்கள் அறிவிக்கின்றன. அழிக்கப்பட்டதா என்று அனுப்பியவர் சோதித்தறிய வழியில்லை.

மேலும், எழுத்துக் கோப்பில் கண்ணுக்குத் தெரியும் உரை மாத்திரமே இருப்பதில்லை. எழுதியவர் பெயர், ஓரத்தில் இட்ட குறிப்புரை, ‘திருத்தங்களைக் காட்டு’ என்னும் வசதியைப் பயன்படுத்தியிருந்தால் நீக்கிய வாக்கியங்கள் ஆகியனவும் உடன் செல்லும். 2003 பிப்ரவரியில் இராக் குறித்துப் பிரிட்டிஷ் சர்க்கார் வெளியிட்ட அறிக்கை வேர்டு கோப்பாகவே வலையில் ஏற்றப்பட்டது. அதைக் கடைசியாகத் திருத்திச் சேமித்தவர்களின் பெயர்கள் கோப்பினுள் பதிந்திருந்தது பின்னர் வெளிப்பட்டு, பெருஞ் சங்கடத்தை விளைவித்தது.

இக்காரணங்களால், தேசியத் தகவலியல் மையம் 2022 ஜூன் மாதத்தில் சர்க்கார் ஊழியர்களுக்கென வெளியிட்ட பாதுகாப்பு நெறிகளில், சர்க்கார் ஆவணங்களை மாற்றவோ சுருக்கவோ வெளி வலைத்தளங்களைப் பயன்படுத்தலாகாது என்று குறித்தது. 2025 மார்ச்சில் அமெரிக்கப் புலனாய்வு ஸ்தாபனமான எப்.பி.ஐ.யின் டென்வர் கிளையும் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. இலவசமாகக் கோப்பு மாற்றித் தருவதாகச் சொல்லும் போலித் தளங்கள், மாற்றிய கோப்போடு கேடு விளைவிக்கும் மென்பொருளையும் சேர்த்துத் தருகின்றன என்பது அதன் சாரம்.

எல்லாத் தளங்களையும் ஒன்றாகக் கருத வேண்டுவதில்லை. சில தளங்கள் கோப்பை வெளியே அனுப்பாமல், பயன்படுத்துவோரின் பிரௌசருக்குள்ளேயே மாற்றத்தை முடிக்கின்றன. பக்கம் முழுதும் திறந்தபின் இன்டர்நெட் தொடர்பைத் துண்டித்து, ஒரு வெற்றுக் கோப்பை மாற்றிப் பார்த்தால் இதனை அறியலாம். தொடர்பு இன்றியும் வேலை நடந்தால், மாற்றம் நிகழ்ந்தது சொந்தக் கம்ப்யூட்டரிலேயே என்று கொள்ளலாம். பெரும்பாலோருக்கு இவ்வளவும் தேவையில்லை. லிப்ரே ஆபீஸிலும், 2009-ல் வந்த திருத்தத் தொகுப்பிற்குப் பின் மைக்ரோசாப்ட் வேர்டிலும், பி.டி.எப். ஆகச் சேமிக்கும் வசதி உள்ளேயே அமைந்துள்ளது. லிப்ரே ஆபீஸ் விலையின்றிக் கிடைப்பது.

நீண்ட காலப் பாதுகாப்பு

ஐம்பது ஆண்டுகள் கழிந்தும் திறக்கத்தக்க ஆவணம் வேண்டுமெனில், அதற்கென்றே 2005-ல் பி.டி.எப்./ஏ என்னும் தரம் வகுக்கப்பட்டது. இதில் எழுத்துருக்கள் யாவும் உள்ளே பதிக்கப்பட்டாக வேண்டும். கடவுச் சொல்லால் பூட்டக் கூடாது. இத்தரத்திலேயே படிகள் உண்டு என்பது நோக்கத்தக்கது. ‘பி’ என்னும் படி பக்கத்தின் தோற்றம் காக்கப்படும் என்பதற்கு மட்டுமே உறுதி தருகிறது. 2011-ல் வந்த இரண்டாம் பகுதியில் சேர்ந்த ‘யூ’ என்னும் படி, உரை முழுதும் யூனிகோடாகப் பெறத்தக்கது என்பதற்கும் உறுதி கூறுகிறது. ‘ஏ’ என்னும் படி ஆவணத்தின் அமைப்பையும் காக்கிறது. தோற்றம் வேறு, உரை வேறு என்பதை வல்லுநர்களே இவ்வாறு வகைப்படுத்தியுள்ளனர். இந்திய மொழி ஆவணங்களுக்கு முதற்படி போதாது என்பது மேலே கூறியவற்றால் விளங்கும்.

எளிய சோதனைகள்

மாற்றிய கோப்பு எத்தகையது என்பதைச் சில நிமிடங்களில் எவரும் சோதித்தறியலாம்.

முதலாவது, பக்கங்களின் எண்ணிக்கையையும், ஒவ்வொரு பக்கத்தின் இறுதி வரியையும் மூலத்தோடு ஒப்பிடுதல்.

இரண்டாவது, கோப்பின் பண்புகளைக் காட்டும் பகுதியில் எழுத்துருப் பட்டியலைப் பார்த்தல். ஒவ்வொன்றின் எதிரிலும் அது பதிக்கப்பட்டுள்ளது என்ற குறிப்பு இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, கொகரம், பொகரம் போன்ற எழுத்துடைய சொல் ஒன்றைத் தேடிப் பார்த்தல். ‘கொள்கை’, ‘பொருள்’, ‘தொகை’ ஆகியவை இதற்கு ஏற்றவை.

நான்காவது, ஒரு பத்தியைப் படியெடுத்து வெற்றுப் பக்கத்தில் ஒட்டிப் பார்த்தல். கொம்புகள் தத்தம் இடத்தில் இருந்தால் உரை நன்னிலையில் உள்ளது.

ஐந்தாவது, மறைக்க வேண்டிய எண்களின் மீது கறுப்புக் கட்டம் இடப்பட்டிருந்தால், அவ்விடத்தையும் படியெடுத்துப் பார்த்தல். கட்டம் மேலே வரையப்பட்டதேயன்றி, அடியில் உள்ள எண் அப்படியே இருத்தல் கூடும். மறைக்க வேண்டியதை மூலக் கோப்பிலேயே நீக்கிவிட்டு மாற்றுவதே பாதுகாப்பானது.

இச்சோதனைகளில் தேறாத கோப்பையும் தாளில் அச்சிட்டுப் படிக்கலாம்; ஆனால் அதன் பயன் அத்தோடு நின்றுவிடும். தேறிய கோப்போ, இன்று படிப்பவருக்கும், செவியால் அறிபவருக்கும், பல்லாண்டு கழித்து ஆயிரம் ஆவணங்களிடையே ஒரு சொல்லைத் தேடி வரும் ஆராய்ச்சியாளருக்கும் ஒருங்கே பயன்படும். அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் நாள்தோறும் தயாராகும் இந்திய மொழி ஆவணங்கள் யாவும் யூனிகோடு எழுத்துருவில் எழுதப்பட்டு, சொந்தக் கம்ப்யூட்டரிலேயே மாற்றப்பட்டு, ஒரு முறை தேடிப் பார்க்கப்பட்டபின் அனுப்பப்படுமாயின், இந்நன்மை தனிச் செலவு ஏதுமின்றியே கைகூடும்.